பட்டியலில் வராத சிறுநீரகங்கள்: பில்லிங் குறியீட்டை நம்பித் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

கேள்வி வந்த விதம்

ஒரு பெரிய மருத்துவமனையின் மருத்துவப் பதிவேடுகள் பிரிவில் நடந்தது இது. கணினியிலிருந்து தரவு எடுத்துக் கொடுப்பது என் வேலை. சம்பந்தப்பட்ட யாருக்கும் இங்கே பெயர் இல்லை. நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

சிறுநீரகப் பிரிவின் மூத்த மருத்துவர் ஒரு நாள் காலை வந்து கேட்டது எளிய விஷயம்தான். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களை, டயாலிசிஸ் வரை போவதற்கு முன்பே பிடித்துத் தொடர்ந்து கவனிக்க ஒரு தனி ஓபி தொடங்கப் போகிறார்கள். யாரையெல்லாம் அழைப்பது? "எல்லாருடைய டயக்னோசிஸ் கோடும் சிஸ்டத்தில் இருக்கிறதே, ஒரு லிஸ்ட் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

சரி என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் கொடுத்தும் விட்டேன். குறியீடு என்ன சொல்கிறது, எதற்காகச் சொல்கிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கேட்ட கேள்வி ஒன்று, என் பட்டியல் பதில் சொன்ன கேள்வி வேறு. அந்த வித்தியாசம் புரிய எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின.

பில்லில் குறியீடு ஏறும் வழி

மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். கோடிங் பிரிவில் இருப்பவர் அதைப் படித்து ஐசிடி என்ற பன்னாட்டு நோய்ப் பட்டியலின் குறியீடாக மாற்றுகிறார். அந்தக் குறியீடு பில்லோடு சேர்ந்து பணம் தருபவரிடம் போகிறது. இந்தப் பாதை முழுக்க ஒரே நோக்கம்: அன்றைக்குச் செய்த சிகிச்சைக்கு என்ன காரணம் என்று காட்டுவது. அந்த ஆளுக்கு இருக்கும் எல்லா நோய்களையும் வரிசைப்படுத்துவது யாருடைய வேலையும் இல்லை.

நாங்கள் பயன்படுத்தியது ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க வடிவம். நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு அதில் என்18 என்ற குடும்பம் இருக்கிறது. என்18.1 முதல் என்18.5 வரை நோய் முற்ற முற்ற ஏறும் ஐந்து நிலைகள், என்18.6 தொடர் டயாலிசிஸ் தேவைப்படும் இறுதி நிலை, என்18.9 என்றால் நிலை குறிப்பிடப்படவில்லை. 2020 அக்டோபர் 1 முதல் மூன்றாம் நிலை மட்டும் என்18.30, என்18.31, என்18.32 என்று மூன்றாகப் பிரிந்தது. ரத்தக்கொதிப்பும் சிறுநீரக நோயும் சேர்ந்திருந்தால் ஐ12 முன்னால் வரும். சர்க்கரை நோயால் வந்ததென்றால் இ11.22 சேரும். இவற்றோடு நிலையைக் காட்ட என்18-ம் போட வேண்டும் என்பது விதி. போடாமல் விட்டாலும் பில் போய்விடும் என்பது நடைமுறை.

நோயின் இலக்கணமோ வேறு மொழியில் இருக்கிறது. கேடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டி அமைப்பு 2012-இல் வகுத்தது இது: சிறுநீரகத்தின் அமைப்பிலோ செயல்பாட்டிலோ கோளாறு 3 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இரண்டு அளவுகளைப் பார்ப்பார்கள். ஒன்று, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடான இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே இருப்பது. இன்னொன்று, சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ அல்புமின் என்ற புரதம் கசிவது. இரண்டில் ஒன்று இருந்தாலே போதும், ஆனால் நீடிக்க வேண்டும்.

நீடிப்பது என்றால் இரண்டு தேதிகள் வேண்டும். பில்லில் இருப்பது ஒரே ஒரு தேதி.

முதல் பட்டியல்

என்18 என்று தொடங்கும் குறியீடு எப்போதாவது ஒருமுறை வந்தவர்கள் எல்லாரையும் எடுத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் குறியீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்திருந்தேன். மூன்றாம் நிலைக்கு 'என்18.3' என்று மட்டும் கொடுத்திருந்ததால், 2020 அக்டோபருக்குப் பிறகு 30, 31, 32 என்று வந்தவர்கள் ஒருவரும் சிக்கவில்லை. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பட்டியலைப் பார்த்த மருத்துவர்.

அவர் பெயர்களைப் படிப்பதற்கு முன் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தார். "நம்மிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் சர்க்கரையோ பிரஷரோ இருக்கிறது. உலகத்தில் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கும் என்கிறார்கள். இங்கே அதைவிடக் கூடத்தான் இருக்கணும். உங்கள் லிஸ்ட் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே?" என்றார். அப்புறம் நிலைவாரியாகப் பிரிக்கச் சொன்னார். நான்காம், ஐந்தாம் நிலைக்காரர்களும் டயாலிசிஸ்காரர்களும் நிறைய இருந்தார்கள். மூன்றாம் நிலை மிகக் குறைவு. நோயின் இயல்புக்கு இது நேர் எதிர். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு கோபுரம் இருக்க முடியாது.

தேடலைத் திருத்தி மறுபடி எடுத்தேன். மூன்றாம் நிலை கொஞ்சம் கூடியது. கோபுரம் தலைகீழாகத்தான் இருந்தது.

புதிய ஓபிக்கு வேண்டியவர்கள் யார்? டயாலிசிஸில் இருப்பவர்கள் ஏற்கனவே வாரத்துக்கு மூன்று தடவை வருகிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கப் பட்டியலே தேவையில்லை. வேண்டியது மூன்றாம் நிலைக்காரர்கள். குறியீடு விட்டுவிட்டதும் அவர்களைத்தான். தேவையில்லாத இடத்தில் துல்லியம், தேவையான இடத்தில் ஓட்டை.

இது தற்செயல் இல்லை என்பது பிற்பாடு விளங்கியது. தொடர் டயாலிசிஸ் ஒவ்வொரு முறையும் தனி பில், அதனால் அது தப்பவே தப்பாது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் உள்நோயாளி கட்டண முறையில் நான்காம், ஐந்தாம் நிலைக் குறியீடுகள் கூடுதல் சிக்கலாகக் கணக்கில் ஏறும், என்18.6 பெரிய சிக்கலாக ஏறும். சிக்கல் என்று ஏறினால் கிடைக்கும் தொகை கூடலாம். மூன்றாம் நிலை எதையும் மாற்றாது. இப்படிப்பட்ட முறையில் வளர்ந்த குறியீட்டுப் பழக்கத்தில், மூன்றாம் நிலையை எழுது என்று யாரும் யாரையும் நெருக்குவதில்லை.

ஒரு கோப்பு

பட்டியலில் இல்லாத ஒருவரின் கோப்பை மருத்துவர் என் மேஜையில் வைத்துப் பிரித்துக் காட்டினார். முதிய பெண்மணி. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் வலி. 3 ஆண்டுகளில் பொது மருத்துவத்துக்கும் எலும்பு மருத்துவத்துக்கும் மாறி மாறி வந்திருக்கிறார். சிறுநீரகப் பிரிவின் பக்கம் ஒருமுறைகூட வரவில்லை.

67 வயதில் கிரியேட்டினின் 1.1. லேப் அச்சடித்த இயல்பு வரம்பு 0.6 முதல் 1.2 வரை. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இல்லை, தடித்த எழுத்து இல்லை. 69 வயதில் 1.2. அதுவும் வரம்புக்குள். 70 வயதில் 1.3. இப்போது ஒரு நட்சத்திரம். ஓரத்தில் யாரோ பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மருத்துவர் கால்குலேட்டரை எடுத்தார். கிரியேட்டினின், வயது, பால் மூன்றையும் வைத்து இஜிஎஃப்ஆரைக் கணிக்கும், 2021-இல் வந்த சிகேடி-எபி சூத்திரப்படி அந்த மூன்று எண்களும் 55, 49, 44 என்று வந்தன. மூன்றும் 60-க்குக் கீழே. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவு. "இதே 1.1 ஒரு 30 வயது ஆணுக்கு இருந்தால் 93 வரும். அவர் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த அம்மாவுக்கு முதல் நாளே நோய் இருந்திருக்கிறது" என்றார்.

கோப்பின் பில் பக்கங்களைப் புரட்டினேன். சர்க்கரைக்கு இ11.9, அதாவது சிக்கல் எதுவும் இல்லாத சர்க்கரை நோய். ரத்தக்கொதிப்புக்கு ஐ10. முழங்காலுக்கு ஒரு குறியீடு. மூன்று ஆண்டுகளும் இதே வரிசைதான். எலும்பு மருத்துவத்தில் கொடுத்த வலிமாத்திரைச் சீட்டுகளும் பின்னால் செருகப்பட்டிருந்தன. சிறுநீரகம் தளர்ந்துகொண்டிருக்கும் ஒருவர் அந்த வகை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது என்பது மருத்துவம் படிக்காத எனக்கும் தெரியும்.

கோடிங் பிரிவில் அந்தக் கோப்பைக் கையாண்ட பெண்ணிடம் கேட்டேன். குறை சொல்லும் தொனியில் கேட்டுவிட்டேன் போல. "சார், டாக்டர் எழுதாததை நான் எப்படிப் போடுவேன்?" என்றார்.

அவர் சொன்னது சரி. லேப் எண்ணை மட்டும் பார்த்துக் குறியீடு போடக் கூடாது என்பது விதி. மருத்துவர் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்லி எழுதியிருக்க வேண்டும். எழுதாத மருத்துவர் மேலும் முழுக்கக் குற்றமில்லை. அவர் எதிரில் வலியோடு உட்கார்ந்திருந்தவர் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசவில்லை. லேப் சீட்டும் எச்சரிக்கவில்லை. சங்கிலியில் ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். கடைசியில் நோய் மட்டும் காணாமல் போயிருக்கிறது.

மறுபக்கம்: இல்லாத நோய்

விடுபட்டவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே எதிர்த்திசையில் ஒரு தவறு நடந்துவிட்டது. முதல் பட்டியலில் இருந்தவர்களுக்கு உதவியாளர்கள் தொலைபேசியில் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒருவரிடம், உங்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது, ஓபிக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அதற்கு முன் அப்படி ஒரு சொல்லைக் கேட்டதே இல்லை. மறுநாள் மனைவியோடு, முகம் வெளிறி, வந்து நின்றார்.

கோப்பைப் பார்த்தோம். முந்தைய ஆண்டு கடுமையான வயிற்றுப்போக்கோடு சேர்ந்திருக்கிறார். உடம்பு நீர் வற்றிக் கிரியேட்டினின் ஏறி, குளுக்கோஸ் ஏற்றியதும் நாலு நாளில் இறங்கியிருக்கிறது. அது திடீர்ப் பாதிப்பு, அதற்கான குறியீடு என்17. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிகேடி?' என்று, அதாவது நாள்பட்ட சிறுநீரக நோயின் ஆங்கிலச் சுருக்கத்தை, கேள்விக்குறியோடு எழுதியிருந்தார்கள். உள்நோயாளி விடுவிப்பின்போது 'இருக்கலாம்' என்ற நிலையில் உள்ள நோயை இருப்பதாகவே கொண்டு குறியீடு போட ஐசிடி-10-சிஎம் விதி இடம் தருகிறது. புறநோயாளிக்கு அப்படிப் போடக் கூடாது. ஆகவே கேள்விக்குறி வழியிலேயே உதிர்ந்து, என்18.9 மட்டும் கணினிக்குள் போனது. பிறகு எடுத்த அவருடைய கிரியேட்டினின் முழுக்க இயல்பு.

அவரிடம் மருத்துவர் தானே மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பட்டியலில் அவர் ஒரு வரி; அதற்கு முன் நான் அப்படித்தான் பார்த்திருந்தேன்.

அன்றே அழைப்புகளை நிறுத்தினோம்.

இதுபோல வேறு வகைகளும் அடுத்தடுத்துக் கிடைத்தன. பரிசோதனைக்குக் காரணம் காட்ட வேண்டுமே என்று சீட்டில் சிறுநீரக நோய் என்று எழுதி, பரிசோதனை இயல்பாக வந்த பிறகும் குறியீடு தங்கிவிட்டவர்கள். ஒருமுறை தவறாக எழுதியதை அடுத்த வருகைகளில் அப்படியே நகலெடுத்துக்கொண்டே போன கோப்புகள். ஒரு வெளி லேப்பின் சீட்டில் கிரியேட்டினின் வேறு அலகில் இருந்ததால் குழம்பிய ஒன்று. அந்த அலகில் 88.4 என்பது நம் 1.0-க்குச் சமம், யாரோ 97 என்ற எண்ணைப் பார்த்துப் பதறியிருக்கிறார்கள்.

கையால் படித்தது

எவ்வளவு தவறு என்று அளந்து பார்க்காமல் மேலே போக முடியாது என்று மருத்துவர் சொன்னார். நான் முதலில் வைத்த யோசனை, பட்டியலில் உள்ளவர்களின் கோப்புகளில் சிலவற்றை எடுத்துச் சரிபார்ப்பது. அவர் மறுத்தார், அதற்கு அவர் சொன்ன காரணத்தை இந்த ஆய்வைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். பட்டியலில் உள்ளவர்களை மட்டும் பார்த்தால், பட்டியலில் இருப்பவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். பட்டியல் எத்தனை பேரை விட்டது என்பது வெளியே இருப்பவர்களைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் கோப்புகளை நான்கு கட்டாகப் பிரித்தோம். குறியீடும் இருக்கிறது, லேப் எண்ணும் நோயைக் காட்டுகிறது என்பவர்கள்; குறியீடு மட்டும்; லேப் எண் மட்டும்; இரண்டும் இல்லாதவர்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்தோம். பிறகு ஒவ்வொரு கட்டும் மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்பதற்கேற்ப எடை கொடுத்தோம். இந்த எடையை மறந்தால் கணக்கு முழுக்கக் கோணிவிடும். இரண்டும் இல்லாத கட்டுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்தார்கள். குறியீடு இருந்ததா இல்லையா என்பது படிப்பவருக்குத் தெரியக் கூடாது. ஆனால் கோப்புக்குள்ளேயே பில் தாள் இருக்கிறதே! ஒரு மாலை முழுக்க நானும் இன்னொருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பிலும் பில் பக்கங்களைக் கழற்றி, எண் எழுதிய உறையில் போட்டு, கிளிப் மாட்டி வைத்தோம். சலிப்பான வேலை. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் படிப்பவர்கள் தங்களை அறியாமலே குறியீட்டோடு ஒத்துப்போயிருப்பார்கள் என்று இப்போதும் நம்புகிறேன்.

இருவரும் ஒத்துப்போகாத கோப்புகளில் ஒன்று நினைவில் நிற்கிறது. உறவினருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர். ஒற்றைச் சிறுநீரகம், இஜிஎஃப்ஆர் ஆண்டுக்கணக்காக 58. எழுத்துப்படி நோய்தான். ஒரு மருத்துவர் ஆம் என்றார், இன்னொருவர் "இவரை நோயாளி என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை" என்றார். மூத்தவர் ஆம் என்று தீர்ப்பு சொன்னார். ஆனால் அழைக்கும் பட்டியலில் தனிக் குறிப்போடு.

எங்கள் இடத்தில் வந்த விழுக்காடுகளை இங்கே எழுதப் போவதில்லை. மருத்துவர்கள் எழுதும் பழக்கம், கோடிங் செய்பவர்களின் பயிற்சி, பணம் தரும் முறை எல்லாம் சேர்ந்து பிறக்கும் எண் அது. இன்னொருவர் எடுத்துத் தன் மருத்துவமனைக்கு ஒட்டவைத்தால் தவறான நம்பிக்கைதான் வரும். திசையை மட்டும் சொல்கிறேன். குறியீடு இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருந்தது. நோய் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறியீடு இல்லை. பல நாடுகளில் வெளியான ஆய்வுகளும் பொதுவாக இதே திசையைத்தான் காட்டுகின்றன.

நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர், "அப்படியென்றால் குறியீட்டின் துல்லியம் எத்தனை சதவீதம், ஒரே நம்பரில் சொல்லுங்கள்" என்று கேட்டார். அதற்கு மருத்துவர் பலகையில் ஒரு கற்பனைக் கணக்குப் போட்டார். 1,000 பேர், அவர்களில் 200 பேருக்கு நோய். குறியீடு அந்த 200-இல் 50 பேரைப் பிடிக்கிறது. நோயில்லாத 800-இல் 16 பேரைத் தவறாகப் பிடிக்கிறது. பட்டியலில் 66 பேர், அதில் 50 பேர் உண்மை. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். நோயில்லாதவர்களை விலக்குவதில் 98 விழுக்காடு. மொத்தத்தில் 1,000 பேரில் 834 பேருக்குச் சரியான பதில், அதாவது 83 விழுக்காடு துல்லியம். கேட்க நன்றாக இருக்கிறது.

"இப்போது நான் பட்டியலே போடாமல், யாருக்கும் நோயில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறேன். 80 விழுக்காடு சரி" என்றார். கூட்டத்தில் சிரிப்பு. நோயாளிகளில் நாலில் மூன்று பேரைத் தவறவிட்ட ஒரு முறைக்கும், ஒன்றுமே செய்யாததற்கும், அந்த ஒற்றை எண்ணில் வித்தியாசம் 3.4 மட்டும்தான். அதற்குப் பிறகு ஒரே நம்பர் கேட்பது நின்றது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

குறியீட்டைத் தூக்கி எறிவது என்று யாரும் சொல்லவில்லை. எதற்குப் பயன்படும், எதற்குப் படாது என்று பிரித்தோம். தொடர் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் போன்றவற்றுக்குக் குறியீடே போதும் என்று வைத்தோம். ஒரு திருத்தம்: திடீர்ப் பாதிப்புக்குச் சில வாரம் டயாலிசிஸ் செய்துகொண்டு மீண்டவர்களை விலக்க, 90 நாளுக்கு மேல் தொடர்ந்தவர்கள் மட்டும். மற்றவர்களுக்கு லேப் எண்தான் அடிப்படை. 60-க்குக் கீழே இரண்டு இஜிஎஃப்ஆர், இடையே குறைந்தது 90 நாள், இரண்டும் புறநோயாளியாக வந்தபோது எடுத்தவை. வார்டில் படுத்திருக்கும்போது எடுத்த எண் எதையும் சேர்க்கவில்லை, அந்த வயிற்றுப்போக்குக்காரரை மறக்க முடியாதே.

குறியீட்டையே கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாமே என்று நான் கேட்டேன். உள்நோயாளியாக ஒருமுறை அல்லது புறநோயாளியாக இரண்டுமுறை வந்திருக்க வேண்டும் என்பது பலர் பயன்படுத்தும் நிபந்தனை. செய்து பார்த்தோம். தவறாகச் சேர்ந்தவர்கள் குறைந்தார்கள், விடுபட்டவர்கள் இன்னும் கூடினார்கள். கேள்விக்குறி உதிர்ந்த அந்தக் கோப்பு உள்நோயாளி வகை என்பதால் இந்தச் சல்லடையிலும் தங்கிவிட்டது.

லேப் எண்ணை அடிப்படையாக்கியதால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை மட்டும் பரிசோதித்தவர் வரமாட்டார். பரிசோதனையே செய்யாதவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். சிறுநீர் அல்புமின் பரிசோதனையை யாருமே அதிகம் கேட்பதில்லை என்பதால், இஜிஎஃப்ஆர் இயல்பாக இருந்து அல்புமின் மட்டும் கசிபவர்கள் பெரும்பாலும் இருட்டிலேயே இருந்தார்கள். தசை வற்றிய முதியவருக்குக் கிரியேட்டினின் பொய்யாக நன்றாகத் தெரியும். டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்த மருந்து சாப்பிடுபவருக்குச் சிறுநீரகம் கெடாமலே எண் ஏறும்.

மிக நீண்ட விவாதம் நடந்தது இன்னொரு முடிவுக்கு. லேப் எண்ணை வைத்துக் கணினியே பில்லில் குறியீட்டைச் சேர்த்துவிட்டால் என்ன என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். கோடிங் பிரிவின் தலைவி ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவர் பார்த்துச் சொல்லாத நோயைப் பில்லில் ஏற்றுவது விதிக்கு மாறு, பணத்துக்காக நோயைக் கூட்டிக் காட்டியதாக நாளைக்குக் கேள்வி வரும் என்றார். அவர் பக்கம் நின்றோம். நோயாளிப் பதிவேடு தனி, பில் தனி. கணினி செய்தது இவ்வளவுதான்: லேப் சீட்டில் கிரியேட்டினினுக்குக் கீழே இஜிஎஃப்ஆரை அச்சிட்டது, இரண்டு எண்கள் நிபந்தனைக்குள் வந்தால் மருத்துவருக்கு ஒரு வரி காட்டியது. எழுதுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

தொலைபேசியில் பேசுவதையும் மாற்றினோம். நோய்ப் பெயரைச் சொல்லக் கூடாது. "பழைய ரத்தப் பரிசோதனையில் ஒரு எண்ணை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது, ஒருமுறை வந்து போக முடியுமா" என்பதோடு சரி.

அதற்குப் பின்

ஓபி தொடங்கியது. வந்தவர்களில் கணிசமானோர் தங்களுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்பதையே அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். இந்த நோய் நெடுநாள் வலிக்காது, அதனால் அதில் ஆச்சரியமில்லை. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவைக் குறைக்க வேண்டியவர்களும் வலிமாத்திரையை நிறுத்த வேண்டியவர்களும் முதல் வாரங்களிலேயே நிறையத் தெரிந்தார்கள்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. லேப் சீட்டில் இஜிஎஃப்ஆர் வர ஆரம்பித்ததும் பொது மருத்துவர்கள் நோய்ப் பெயரை எழுதத் தொடங்கினார்கள். எழுதியதும் கோடிங் பிரிவு குறியீடு போட்டது. ஆண்டறிக்கை தயாரித்தபோது என்18 குறியீட்டின் வரைபடம் செங்குத்தாக ஏறியது. சிறுநீரக நோய் திடீரென்று ஏன் பெருகுகிறது, தண்ணீரில் ஏதாவது கோளாறா என்று விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு எனக்கு வந்தது. ஏறியது எழுதும் பழக்கம், நோய் இல்லை என்று பதில் எழுதினேன். இது புதிதும் இல்லை. பழைய ஐசிடி-9-சிஎம்-இல் 585 என்ற ஒற்றைக் குறியீடு 2005 அக்டோபரில் நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டது. அந்த எல்லையைத் தாண்டிச் செல்லும் எந்த வரைபடத்தைப் படிப்பவரும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது விளைவு அவ்வளவு நல்லதில்லை. எழுதியவர்களில் பலர் நிலையை எழுதவில்லை. என்18.9 குவிந்தது. யார் முதலில் வர வேண்டும் என்று குறியீட்டை வைத்து வரிசைப்படுத்த இன்னமும் முடியவில்லை. லேப் எண்ணுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

திரும்பச் செய்தால்

பட்டியல் எதற்கு என்று முதலில் எழுதி வாங்குவேன். அழைப்பதற்கென்றால் விடுபடுதல் பெரிய குற்றம். ஓர் ஆராய்ச்சிக்கு உறுதியான நோயாளிகள் மட்டும் வேண்டுமென்றால் தவறாகச் சேர்வது பெரிய குற்றம். இரண்டுக்கும் ஒரே தேடல் பொருந்தாது. இந்தக் கேள்வியை அன்று காலை கேட்டிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

எந்த ஆண்டின் குறியீட்டுப் புத்தகம் என்பதைத் தேடலோடு சேர்த்து எழுதி வைப்பேன். கோடிங் பிரிவிலிருந்து ஒருவரை முதல் நாளே மேஜையில் உட்காரவைப்பேன். கேள்விக்குறி எங்கே உதிர்கிறது என்பது அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது, நாங்கள்தான் கேட்கவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீர் அல்புமின் பரிசோதனையை ஓபி தொடங்குவதற்கு முன்பே முறைப்படுத்தியிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். அவருடைய வருத்தங்களில் அதுதான் பெரியது. எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு.

அந்த முதிய பெண்மணி புதிய ஓபிக்கு வந்தார். சிறுநீர் அல்புமின் கிராமுக்கு 210 மில்லிகிராம் இருந்தது. வலிமாத்திரையை நிறுத்தி, வேறு மருந்து மாற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். அன்றைய பில்லில் ஐ12.9, இ11.22, என்18.32 என மூன்றும் ஒழுங்காக ஏறின. இரண்டு மாதம் கழித்து முழங்காலுக்காக எலும்பு மருத்துவத்துக்குப் போயிருக்கிறார். அந்தப் பில்லை எடுத்துப் பார்த்தேன். முழங்கால், இ11.9, ஐ10.